மாத்திரை போட்டுக்கொண்டு எப்போது நடப்பது? சர்க்கரை நோய்: வாசகர் கேள்விகள், மருத்துவர் பதில்கள்

சர்க்கரை நோய் குறித்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருந்தைப் பற்றித் தனியாகவோ உடற்பயிற்சியைப் பற்றித் தனியாகவோ கேட்கவில்லை; இரண்டும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது என்ன ஆகிறது என்றே கேட்கின்றன. மருந்துச் சீட்டின் அடியில் "தினமும் நடக்கவும்" என்று எழுதப்படுகிறதே தவிர, எந்த மருந்து எடுப்பவர் எந்த நேரத்தில் நடக்க வேண்டும் என்பது பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை. எனவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். இங்கே உள்ள பதில்கள் இரண்டாம் வகை சர்க்கரை நோயுள்ள பெரியவர்களுக்கானவை. கர்ப்பிணிகளுக்கும் முதல் வகை நோயாளிகளுக்கும் கணக்கு வேறு. மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் பொறுப்பு.

கேள்வி: எனக்கு வயது 64, ஓய்வுபெற்ற ஆசிரியர். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் ஒவ்வொன்று போடுகிறேன். காலை ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டுவிட்டு ஆறு மணிக்கு நடக்கக் கிளம்பி, ஏழே காலுக்கு வீடு திரும்பி, குளித்து, பூசை முடித்து, எட்டரைக்குத்தான் டிபன் சாப்பிடுவேன். சென்ற மாதம் நடந்துகொண்டிருக்கும்போது கை நடுங்கி, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்து, கண் இருண்டது. அருகிலிருந்த டீக்கடைக்காரர் உட்கார வைத்துச் சர்க்கரை அதிகம் போட்ட டீ கொடுத்தார். வீட்டுக்கு வந்து குளுக்கோமீட்டரில் பார்த்தபோது 74 காட்டியது. நடையை நிறுத்திவிடவா, மாத்திரையை நிறுத்திவிடவா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டையும் நிறுத்த வேண்டாம். மாத்திரைக்கும் நடைக்கும் சாப்பாட்டுக்கும் இடையில் நீங்கள் வைத்திருக்கும் வரிசையை மாற்றினால் போதும். டீ குடித்து, வீடு வந்து சேர்ந்த பிறகு 74 என்றால், டீக்கடையில் உட்கார்ந்தபோது அது 70க்கும் கீழே இறங்கியிருந்தது என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. 70க்குக் கீழே இறங்குவதைத்தான் தாழ்சர்க்கரை என்கிறோம். 54க்குக் கீழே போனால் அது உடனடி ஆபத்து.

ஏன் இப்படி ஆனது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனெனில் அது புரிந்துவிட்டால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்வீர்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டிருந்தாலும் அதன் தூண்டுதல் நிற்பதில்லை. மறுபுறம், வேலை செய்யும் தசை இன்சுலினின் துணையில்லாமலேயே ரத்தத்திலிருந்து குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் உடையது. குளுக்கோஸை உள்ளே கடத்தும் புரதங்கள் தசை சுருங்கும்போது தாமாகவே செல்லின் மேற்பரப்புக்கு வந்துவிடுகின்றன. சாதாரணமாக, இப்படிக் குறையும் குளுக்கோஸை ஈரல் தன் சேமிப்பிலிருந்து அவ்வப்போது வெளியிட்டு ஈடுகட்டும். ஆனால் ரத்தத்தில் இன்சுலின் மிகுந்திருந்தால் ஈரல் அந்த வெளியீட்டைக் குறைத்துவிடும். வெறும் வயிறு, மாத்திரை, ஒரு மணி நேரத்துக்கும் மேலான நடை ஆகிய மூன்றும் உங்கள் உடலில் ஒரே நேரத்தில் சேர்ந்திருக்கின்றன. செலவு ஒரு பக்கம் ஏற, வரவு மறுபக்கம் அடைபட்டுவிட்டது.

இனி இப்படிச் செய்யுங்கள். காலை மாத்திரையை நடந்து வந்த பிறகு, டிபன் தட்டு முன்னால் வந்ததும் போடுங்கள். கிளிமிபிரைடு அந்த வேளையின் முதல் உணவோடு போட வேண்டிய மாத்திரைதான். ஐந்தரைக்குப் போட்டு எட்டரைக்குச் சாப்பிடுவது நடக்காத நாளிலும் சரியல்ல. ஆனால் அதன் விளைவு ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் நீடிக்கும் என்பதால், முந்தைய இரவு போட்ட மாத்திரையின் வேலை காலை நடையின்போதும் ஓரளவு இருக்கும். ஆகவே அடுத்த இரண்டு வாரங்களுக்குக் கிளம்பும் முன் விரலில் குத்திப் பாருங்கள். 90க்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு இட்லியோ சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்துக் கிளம்புங்கள். விரல் நுனியைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த பிறகு குத்துங்கள். பழம் உரித்த கையோடு பார்த்தால் இல்லாத சர்க்கரையையும் கருவி காட்டும். நடக்கும் முன்னும் நடந்த பின்னும் கண்ட எண்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அந்தத் தாளைப் பார்த்தால் இரவு மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை அவரால் முடிவு செய்ய முடியும்.

சட்டைப் பையில் குளுக்கோஸ் பொடி இருக்கட்டும். நடுக்கம், திடீர் வியர்வை, படபடப்பு, காரணமில்லாத எரிச்சல், தாங்க முடியாத பசி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நின்று, 15 கிராம் அளவுக்கு, அதாவது குவித்து எடுத்த மூன்று தேக்கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இன்னும் 70க்குக் கீழே இருந்தால் அதே அளவு இன்னொரு முறை. சரியான பிறகு ஏதேனும் சாப்பிட்டாக வேண்டும். பால் டீயும் சாக்லேட்டும் அவசரத்துக்கு உகந்தவையல்ல. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும், உடனே 108ஐ அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டிலுள்ளவர்களிடமும் உடன் நடப்பவர்களிடமும் சொல்லி வையுங்கள். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மெட்டோபுரோலால், அட்டினோலால் போன்ற மாத்திரை போடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை ஒன்றே அவர்களுக்கு எச்சரிக்கை.

இந்தக் கவலை எல்லா மாத்திரைக்கும் பொதுவானதல்ல. மெட்ஃபார்மின், சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனெலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின், பியோகிளிட்டசோன் ஆகியவை தனித்து எடுக்கும்போது நடையால் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும், இன்சுலினும்தான் எச்சரிக்கை தேவைப்படுபவை. அவற்றிலும் கிளிபென்கிளமைடு உடலில் நெடுநேரம் தங்குவது. சிறுநீரகம் பழுதுபட்ட முதியவர்கள் இன்னமும் அதைப் போட்டுக்கொண்டிருந்தால், மாற்ற முடியுமா என்று கட்டாயம் மருத்துவரைக் கேட்க வேண்டும். உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பாருங்கள். கடைப்பெயர் பலவாக இருக்கும். உள்ளே இருப்பது எது என்பதுதான் முக்கியம்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 49. காலையிலும் இரவிலும் 30/70 இன்சுலின் போட்டுக்கொள்கிறார். நடவுக் காலத்தில் வயல் வேலைக்குப் போவார். வேலைக்குப் போகிற நாள்களில் பதினொரு மணி வாக்கில் தலை சுற்றி வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார். சில நாள் விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்த்து எழுந்துகொள்கிறார். வேலை இல்லாத நாள்களில் சர்க்கரை 200க்கு மேல் இருக்கிறது. மருத்துவர் "உடற்பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்டபோது அம்மா "இல்லை" என்று சொல்லிவிட்டார்.
- வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு மிகவும் கவலை தந்தது. சேற்றில் குனிந்தபடி நாள் முழுவதும் நாற்று நடுவதைவிடக் கடினமான உடற்பயிற்சி எது? பூங்காவில் காலணி கட்டிக்கொண்டு நடப்பது மட்டுமே உடற்பயிற்சி என்ற எண்ணத்தால், நாட்டில் மிகக் கடுமையாக உழைக்கும் பெண்கள் "உடற்பயிற்சி இல்லை" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பதிலை நம்பி இன்சுலின் அளவு கூட்டப்படுகிறது. அடுத்த முறை அம்மாவோடு நீங்களும் செல்லுங்கள். வேலைக்குப் போகிற நாளில் இத்தனை மணிக்கு ஊசி, இத்தனை மணிக்குச் சாப்பாடு, இத்தனை மணி நேரம் வயல் என்பதையும், வேலையில்லாத நாளின் நிலையையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். ஒரே அளவு இன்சுலின் இந்த இரண்டு வகை நாளுக்கும் பொருந்தாது. உழைப்பு மிகுந்த நாளில் தாழ்சர்க்கரை வருகிறவர்களுக்கு அன்றைய அளவைப் பத்து முதல் இருபது சதவீதம் குறைத்துப் பார்ப்பது வழக்கம். உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு என்பதை எண்களைப் பார்த்து அவர் மருத்துவர் எழுதித் தர வேண்டும்.

பதினொரு மணிக்கு ஏன் வருகிறது? 30/70 இன்சுலினில் முப்பது பங்கு விரைவாக வேலை செய்வது. எழுபது பங்கு மெதுவாக எழுந்து, ஊசி போட்ட நான்கு மணி நேரத்திலிருந்து பத்து மணி நேரம் வரை உச்சத்தில் இருப்பது. காலை ஆறரை, ஏழு மணிக்கு ஊசி போட்டால் அந்தப் பெரும் பங்கு உச்சத்துக்கு வருவது சரியாகப் பதினொரு மணிக்குத்தான். அப்போது காலைச் சாப்பாடு செரித்து முடிந்திருக்கும். தசைகள் நான்கு மணி நேரம் வேலை செய்திருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கும். ஆகவே பத்து மணிக்கு ஏதேனும் சாப்பிடாமல் அவர் வேலையைத் தொடரக் கூடாது. மோர் சாதமோ, சுண்டலோ, இரண்டு இட்லியோ தூக்குவாளியில் போகட்டும். மதியச் சாப்பாட்டையும் "இந்தப் பாத்தி முடியட்டும்" என்று தள்ளிப் போடக் கூடாது. குளுக்கோஸ் பொட்டலம் வரப்பில் இருக்கும் பையில் இருந்தால் போதாது, இடுப்புச் சுருக்குப் பையில் இருக்க வேண்டும். உடன் வேலை செய்யும் ஒருவருக்கேனும் அது எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஊசியை எங்கே போடுகிறார் என்றும் கேளுங்கள். தொடையில் போட்டுவிட்டு நடவுக்கோ நடைக்கோ போனால், வேலை செய்யும் காலில் ரத்த ஓட்டம் பெருகி இன்சுலின் எதிர்பார்த்ததைவிட வேகமாக ரத்தத்தில் சேர்ந்துவிடும். வேலை நாள்களில் வயிற்றில், தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளிப் போடுவது நல்லது. ஒரே புள்ளியில் திரும்பத் திரும்பப் போடக் கூடாது.

விடியற்கால வியர்வையை அலட்சியம் செய்ய வேண்டாம். பகலில் தீர்ந்துபோன சேமிப்பை நிரப்பிக்கொள்ளத் தசைகள் வேலை முடிந்த பிறகும் பல மணி நேரம் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொண்டே இருக்கும். இரவு போட்ட இன்சுலின் அதனுடன் சேர்ந்துகொள்ளும்போது தூக்கத்தில் சர்க்கரை தாழ்கிறது. நடவு நாளின் இரவில் படுக்கும் முன்னும், ஓரிரு நாள் பின்னிரவு மூன்று மணிக்கும் பார்த்து எழுதி வையுங்கள். உழைப்பு இன்சுலினின் விளைவைக் கூட்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இன்சுலின் பயன்பாட்டுக்கு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த 1926இல், தாமே சர்க்கரை நோயாளியாக இருந்த லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ் இதை அளந்து பார்த்து மருத்துவ இதழில் எழுதினார். நூறாண்டாகத் தெரிந்த செய்தி இன்னும் வயல் வரப்பு வரை வந்து சேரவில்லை என்பது வருத்தத்துக்குரியது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் உங்கள் வீட்டுக்கு ஊழியர் வருகிறார் என்றால், அவரிடமும் இந்த இரண்டு வகை நாள்களைப் பற்றிச் சொல்லுங்கள். வயலிலிருந்து வந்ததும் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்ப்பது உங்கள் பொறுப்பாகட்டும்.

கேள்வி: வயது 34. மெட்ஃபார்மின் மட்டும் போடுகிறேன். ஜிம்மில் எடை தூக்குவதற்கு முன் 138 இருந்த சர்க்கரை, முடித்தவுடன் 179 ஆகிவிட்டது. உடற்பயிற்சியால் சர்க்கரை ஏறுமா?
- வாசகர், சோழிங்கநல்லூர்

பதில்: ஏறும், ஆனால் தங்காது. மூச்சு வாங்க எடை தூக்கும்போதும் வேகமாக ஓடும்போதும் அட்ரினலின் சுரந்து, தசைக்குத் தேவைப்படுவதைவிட அதிகமான குளுக்கோஸை ஈரலிலிருந்து வெளியேற்றுகிறது. ஒன்றிரண்டு மணி நேரத்தில் அது இறங்கிவிடும். அதற்குப் பிறகு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை உங்கள் தசைகள் இன்சுலினுக்கு முன்னைவிட நன்றாகப் பணியும். எனவே முடித்தவுடன் பார்த்த எண்ணைக் கண்டு எடைப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். 2010இல் அமெரிக்காவின் லூசியானாவில் சர்க்கரை நோயாளிகள் 262 பேரிடம் ஒன்பது மாதம் நடத்தப்பட்ட ஆய்வில், நடை போன்ற பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் எச்பிஏ1சி (ஏறக்குறைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண்) குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கே குறைந்தது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் எடைப் பயிற்சி, மொத்தம் 150 நிமிட வேக நடை, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காமை என்று அமைத்துக்கொள்ளுங்கள். மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு போடுங்கள். நெடுநாள் போடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பதால் அவ்வப்போது பரிசோதிக்கவும்.

கேள்வி: வயது 57. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, வோக்லிபோஸ் மூன்றும் போடுகிறேன். ஒவ்வொரு பௌர்ணமியும் விரதமிருந்து திருவண்ணாமலையில் கிரிவலம் போவது என் வழக்கம். ஓராண்டாக உள்ளங்காலில் மரத்துப்போனதுபோல் இருக்கிறது. செருப்பில்லாமல்தான் நடப்பேன். சர்க்கரை குறைவதற்கு இதைவிட நல்ல நடை உண்டா என்று உறவினர்கள் சொல்கிறார்கள். தொடரலாமா?
- வாசகி, ஆற்காடு

பதில்: உங்கள் பக்தியை மதித்தே சொல்கிறேன்: இப்போது நீங்கள் செய்கிற முறையில் தொடரக் கூடாது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதை நடந்து முடிக்க மூன்றரை முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கல் குத்தினாலும், பகல் வெயிலில் சூடேறிய தார் சுட்டாலும், கொப்புளம் உடைந்தாலும் உங்களுக்குத் தெரியாது. வலிக்காததால் நீங்கள் தொடர்ந்து நடப்பீர்கள். சர்க்கரை நோயால் காலை இழந்தவர்கள் பலரின் கதை இப்படி வலிக்காத ஒரு சிறு புண்ணில்தான் தொடங்கியிருக்கும். முதலில் மருத்துவரிடம் சென்று பாத உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். மெல்லிய நைலான் இழை ஒன்றால் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனை அது. சில நிமிடங்களில் முடிந்துவிடும். உணர்ச்சி இழந்திருப்பது உறுதியானால் வீட்டுக்குள்கூட வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான ரப்பர் வைத்த செருப்பே உங்களுக்கு உகந்தது. பருத்திக் காலுறை மட்டும் அணிந்து நடப்பது பாதுகாப்பாகாது. காலணியோடு சிறிது தூரம் நடந்து மீதியை வண்டியில் வலம் வருவதா, கோயிலில் அமர்ந்து வழிபடுவதா என்பதை உங்கள் மனமும் வீட்டுப் பெரியவர்களும் முடிவு செய்யட்டும். வெறுங்கால் என்பதற்கு மட்டும் மருத்துவர் என்ற முறையில் நான் இசைய முடியாது.

விரதத்தைப் பற்றி. சாப்பிடாத வேளைக்குக் கிளிமிபிரைடு போடக் கூடாது என்பது பொது விதி. விரத நாளில் எதை விடுவது, எதைக் குறைப்பது என்பதைப் பௌர்ணமிக்கு முன்பே உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினியாக நான்கு மணி நேரம் நடப்பது, மேலே மன்னார்குடி வாசகருக்கு நேர்ந்ததைவிடப் பெரிய ஆபத்தை வலிய அழைப்பதாகும்.

உங்கள் மூன்றாவது மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். வோக்லிபோஸ், அக்கார்போஸ் ஆகியவை குடலில் மாவுச்சத்தும் சர்க்கரையும் உடைபடுவதைத் தாமதப்படுத்தியே வேலை செய்கின்றன. நாம் வீட்டில் பயன்படுத்தும் சர்க்கரையும் வெல்லமும் உடைபட்ட பிறகே ரத்தத்தில் ஏற முடியும். ஆகவே இந்த மாத்திரை போடுகிறவருக்குத் தாழ்சர்க்கரை வந்தால் சீனி, மிட்டாய், வெல்லம், பிஸ்கட் எதுவும் உடனே கைகொடுக்காது; நேரடியாக ரத்தத்தில் சேரும் குளுக்கோஸ் பொடி மட்டுமே விரைந்து உதவும். மருந்துக் கடையில் குளுக்கோஸ் என்று கேட்டு வாங்கி, கைப்பையில் எப்போதும் வைத்திருங்கள்.

கேள்வி: எட்டு போட்டு நடந்தால் சர்க்கரை அதிகம் குறையும் என்கிறார்களே, உண்மையா? சாப்பிடும் முன் நடப்பதா, சாப்பிட்ட பின்பா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: தசைகளுக்குத் தெரிவது எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம் என்பதுதான், எட்டு வடிவமா, நேர்கோடா என்பது தெரியாது. மாடியில் இடம் குறைவாக இருப்பவர்களுக்கு எட்டு வசதியானது. முழங்கால் வலியோ தள்ளாட்டமோ உள்ளவர்கள் அடிக்கடி திரும்புவதைத் தவிர்ப்பது நல்லது.

உங்கள் இரண்டாவது கேள்வி அதைவிட முக்கியமானது. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் 41 நோயாளிகளிடம் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், நாளில் ஒரே முறை 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தபோது, உணவுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வேறுபாடு 22 சதவீதம். ஒன்பதரைக்குத் தோசையோ பரோட்டாவோ சாப்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து, அப்படியே உறங்கப் போகும் நம் வீடுகளுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி இல்லை. கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: வயிற்றில் உணவு இருப்பதால், வெறும் வயிற்று நடையோடு ஒப்பிடும்போது தாழ்சர்க்கரை வரும் வாய்ப்பு குறைவு. சாப்பிட்டவுடன் நடந்தால் நெஞ்சு இறுக்கம், தாடை வலி, வழக்கமில்லாத மூச்சிரைப்பு வருகிறது என்றால் அது வாயு என்று எண்ணிவிடாமல் அன்றே இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும்.

கேள்வி: வயது 55. டாபாகிளிஃப்ளோசினும் ரத்த அழுத்த மாத்திரையும் போடுகிறேன். மாலையில் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடினால் தலை சுற்றலும் கெண்டைக்கால் பிடிப்பும் வருகிறது. சர்க்கரை சரியாகவே இருக்கிறது.
- வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்த மாத்திரை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது, அதோடு நீரும் உப்பும் போகின்றன. வியர்வையில் போவதும் சேர்ந்தால் உடல் வறண்டு, ரத்த அழுத்தம் தாழ்கிறது. ஆட்டத்துக்கு முன்னும் இடையிலும் தண்ணீர் குடியுங்கள். ஆடி முடித்துச் சிறிது நேரத்தில் நின்ற நிலையில் ரத்த அழுத்தத்தைப் பார்த்து மருத்துவரிடம் காட்டினால், அழுத்த மாத்திரையில், குறிப்பாகச் சிறுநீர் பெருக்கி இருந்தால், அளவை மாற்றுவார். பட்டினி கிடந்து இந்த மாத்திரையோடு கடும் பயிற்சி செய்யவே கூடாது. வாந்தி, வயிற்று வலி, ஆழ்ந்த வேக மூச்சு வந்தால் சர்க்கரை 200க்குக் கீழே இருந்தாலும் கீட்டோன் அமிலம் பெருகியிருக்கலாம். மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே இதை நிறுத்த வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி: வயது 42. ஆறு மாதமாக நாள்தோறும் நடக்கிறேன். ஆறு கிலோ குறைந்திருக்கிறேன். எச்பிஏ1சி 8.1லிருந்து 6.3க்கு வந்துவிட்டது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் போடுகிறேன். நடைதான் குறைத்தது என்றால் மாத்திரையை விட்டுவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: உங்கள் உழைப்புக்கு முதலில் என் மனமார்ந்த பாராட்டு. குறைத்தது நடையா மாத்திரையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டின் பயனும் எப்போதும் அப்படியே கூட்டிக்கொள்ளக்கூடியது என்றும் எண்ண வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். மூன்றாண்டில் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்தது. உணவு, உடற்பயிற்சி மாற்றம் செய்தவர்களில் 39.3 சதவீதம், மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5, இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களில் 39.5. நோய் வருவதைத் தடுப்பதில் உணவு, உடற்பயிற்சி மாற்றம் மாத்திரைக்கு இணையாக நின்றது. ஆனால் சேர்த்தபோது கூடுதல் பயன் தெரியவில்லை. நடக்கிறவர்கள் தமது நடையை மாத்திரைக்குத் துணைப் பொருளாக நினைக்காமல், தனக்கென்று அளவும் நேரமும் உடைய ஒரு மருந்தாகவே நினைக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நோய் வந்துவிட்ட உங்கள் நிலையில், குறைப்பது என்றால் கிளிமிபிரைடிலிருந்து தொடங்குவதே பெரும்பாலும் முறை, ஏனெனில் தாழ்சர்க்கரை தருவது அதுதான். எண்கள் 6.3இல் நிற்கும்போது நடக்கிற ஒருவருக்கு அதே அளவு கிளிமிபிரைடு தேவைப்படாமலிருக்கலாம். மருத்துவர் அதைக் குறைத்தால், மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சி பார்த்து அடுத்த முடிவு எடுங்கள். மாத்திரைகள் அனைத்தையும் நிறுத்தி மூன்று மாதமான பிறகும் 6.5க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்த நிலை என்று 2021இல் வல்லுநர்கள் வரையறுத்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2017இல் வெளிவந்த டைரக்ட் ஆய்வில், முறையாக எடை குறைத்தவர்களில் 46 சதவீதம் பேர் ஓராண்டில் அந்த நிலையை அடைந்தார்கள். ஆனால் அது முதன்மையாக உணவைக் குறைத்துப் பெற்ற எடைக் குறைவு, நடையால் மட்டும் கிடைத்ததல்ல. தணிந்தாலும் நோய் திரும்பக்கூடும் என்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை தொடர வேண்டும். சிறுநீரகத்துக்கோ இதயத்துக்கோ காப்பாகத் தரப்படும் மாத்திரை எதுவும் இருந்தால், சர்க்கரை எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக அதை நிறுத்தக் கூடாது.

கேள்வி: கண்ணில் லேசர் சிகிச்சை செய்திருக்கிறேன். சர்க்கரைக்காகச் சிரசாசனமும் எடைப் பயிற்சியும் கற்கலாமா?
- வாசகர், சேலம்

பதில்: விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்திருப்பவர்கள் தலைகீழாக நிற்பதையும், மூச்சை அடக்கிப் பெரிய எடை தூக்குவதையும் தவிர்க்க வேண்டும், அந்த அழுத்தத்தில் மெல்லிய குழாய் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கசியலாம். இப்போதைக்குச் சமதளத்தில் நடையும் நிலையான சைக்கிளும் போதும். அடுத்த முறை கண் மருத்துவரைப் பார்க்கும்போது, எந்த ஆசனம், எவ்வளவு எடை, எப்போதிலிருந்து என்று கேட்டு, அவர் சொல்வதைச் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லி, உங்கள் யோகா ஆசிரியரிடம் காட்டிய பிறகு தொடங்குங்கள்.